ஒயின் கிளப்பில் பணம் கட்டிப் போத்தல்களை ஒப்படைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சிங்கப்பூரில் இருப்பவர்கள், அதிலும் சின்ன வீட்டில் இருந்துகொண்டு நல்ல ஒயின் நாலைந்து பெட்டி சேர்த்து வைக்க ஆசைப்படுபவர்கள், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் இதை முழுசாகப் படியுங்கள். 2025 ஆகஸ்டில் எங்கள் 15ஆம் திருமண நாள் வந்தது. நாங்கள் கல்யாணம் செய்த 2010ஆம் ஆண்டின் பரோலோ என்கிற இத்தாலியச் சிவப்பு ஒயின் ஆறு போத்தல் ஒரு தனியார் ஒயின் கிளப்பின் பாதுகாப்பில் வைத்திருந்தேன், அதில் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வரலாம் என்று போனேன். அவர்கள் கொண்டுவந்து கொடுத்த போத்தலின் கழுத்து கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. கார்க்கை மூடியிருக்கும் தகட்டுறையைத் திருகிப் பார்த்தேன், அசையவே இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒயின் கழுத்திலிருந்து இரண்டு விரல் கீழே இறங்கியிருக்கிறது. உறையைக் கிழித்தால் கார்க் மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறது, அதைச் சுற்றிக் காய்ந்த கறை.

இது சூட்டில் கிடந்த போத்தல். ஒயின் சூடானால் விரியும், விரிந்தால் கார்க்கை மேலே தள்ளும், ஓரத்தில் கசியும். அப்புறம் குளிர்ந்து சுருங்கும்போது அதே வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். அதற்குப் பிறகு அந்த ஒயின் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கும், திறக்கிற அன்றைக்குத்தான் நமக்குத் தெரியும். அன்று இரவு திறந்தோம். வேகவைத்த பழம் மாதிரி ஒரு வாடை, வாயில் வைத்தால் தட்டையாக, ஓரத்தில் புளிப்பு. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் கிளாஸைத் தள்ளி வைத்தாள். மூன்றரை வருடம் மாதா மாதம் பணம் கட்டியது இதற்காகவா என்று எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2022 ஜனவரியில், வேலையிடத்துத் தம்பி ஒருவன், "அண்ணே, நீங்களும் சேருங்க, நம்ம வீட்டு சூட்டுல எல்லாம் கெட்டுப்போகும், அங்க வெச்சா கவலையே இல்ல" என்று கூட்டிக்கொண்டு போனான். அவன் சொன்னதில் தப்பில்லை. நம் ஊரில் பகலில் 31, 32 டிகிரி, ராத்திரியில்கூட 23க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஒயினை வருடக்கணக்கில் வைக்க வேண்டுமென்றால் 12, 13 டிகிரி வேண்டும், அதைவிட முக்கியம் அந்த அளவு ஏறி இறங்காமல் நிற்க வேண்டும். நான் இருப்பது நாலறை வீவக வீடு, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடு, எங்கே போய் நிலவறை கட்டுவது? நகரின் நடுவில் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் கிளப். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வரிசையாக லாக்கர், ஒவ்வொன்றிலும் உறுப்பினர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு, கதவுக்குப் பக்கத்தில் 14 டிகிரி என்று ஒளிரும் எண். பார்த்ததும் மனசு மயங்கிவிட்டது.

சேர்க்கைக் கட்டணம் 2,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), திரும்பக் கிடைக்காது. மாதம் 95 வெள்ளி, அதில் 48 போத்தல் கொள்ளும் லாக்கர். நம் போத்தலை அங்கேயே திறந்து குடித்தால் உணவகங்களில் வாங்குகிற கார்க்கேஜ் கட்டணம் கிடையாது, மாதம் ஒரு ருசி பார்க்கும் மாலை உண்டு. முதல் வருடம் நன்றாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சொமலியே, அதாவது ஒயின் தேர்ந்தெடுத்துப் பரிமாறத் தெரிந்த பையன் ஒருவன் இருந்தான், ஒயின் பற்றி அவனிடம் கற்றுக்கொண்டது நிறைய. அவன் வேலையை விட்டுப் போனான், அதற்குப் பிறகு ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், ருசி பார்க்கும் மாலை இரண்டு மாதத்துக்கு ஒன்று ஆயிற்று, அப்புறம் அவர்கள் விற்கிற ஒயினை வாங்கினால்தான் வரலாம் என்று ஆயிற்று. அப்போதே விழித்திருக்க வேண்டும்.

சரி, அந்தப் பரோலோவுக்கு வருகிறேன். மறுநாளே போய்க் கேட்டேன். மேலாளர் கதவோரத்து எண்ணைக் காட்டினார். 14தான். "போத்தல் வாங்கும்போதே கெட்டிருக்கும்" என்றார். அந்த எண்ணை எந்த உணரி தருகிறது என்று பார்த்தால், அது குளிர்காற்று வெளியே வருகிற துவாரத்துக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே எப்போதும் 14 காட்டத்தான் செய்யும்.

மருந்துப் பெட்டிகளோடு அனுப்புவார்களே, வெப்பத்தைப் பதிவு செய்கிற சின்னக் கருவி, அது 30 வெள்ளிக்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி என் லாக்கரில் போத்தல்களுக்குப் பின்னால் போட்டு, மூன்று வாரம் கழித்து எடுத்துக் கணினியில் செருகினேன். கோடு ரம்பப் பல் மாதிரி வந்தது. மாலையில் 14, 15. ராத்திரி 11 மணிக்குக் கிளப் மூடியதும் ஏற ஆரம்பித்து, காலை 8 மணிக்கு 22. கிளப்புக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் 25 வரை. ஆட்கள் போனதும் கம்ப்ரசரை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், வேறு விளக்கமே இல்லை. மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க எங்கள் ஒயினை இரவுதோறும் வேகவைத்திருக்கிறார்கள். இதை எழுதும்போதும் கை பதறுகிறது.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு விலகிவிடுகிறேன் என்றேன். மூன்றரை வருடத்தில் நான் உள்ளே வைத்தது 42 போத்தல், குடித்ததும் எடுத்ததும் 11, மிச்சம் 31 இருக்க வேண்டும். லாக்கரில் இருந்தது 15. மற்றவை எங்கே என்று கேட்டால், இடம் போதவில்லை என்று தொழிற்பேட்டையில் ஒரு கிடங்குக்கு மாற்றியிருக்கிறோம் என்றார்கள். 48 கொள்ளும் லாக்கரில் 31க்கு இடம் போதவில்லையாம். என் லாக்கரின் கீழ்த்தட்டில் வேறு யாருடைய போத்தல்களோ இருந்தன. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு செய்தி அனுப்பவில்லை.

அதோடு இன்னொன்று. வெளியே எடுக்கப் போத்தலுக்கு 25 வெள்ளி, தீர்வையும் கையாளும் கட்டணமும் என்று இன்வாய்ஸ் நீட்டினார்கள். இதைக் கவனமாகப் படியுங்கள், பலர் ஏமாறும் இடம் இது. சுங்கத்துறை உரிமம் பெற்ற கிடங்கில் தீர்வை கட்டாமல் வைத்திருக்கும் ஒயினை வெளியே எடுக்கும்போதுதான் தீர்வையும் பொருள் சேவை வரியும் கட்ட வேண்டும். தீர்வை என்பது அதில் உள்ள மதுசாரத்துக்கு லிட்டருக்கு 88 வெள்ளி. 14 விழுக்காடு உள்ள 750 மில்லி போத்தல் என்றால் 9 வெள்ளி 24 காசு, அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. என் போத்தல்கள் எல்லாம் உள்ளூர்க் கடைகளில் ரசீதோடு வாங்கியவை. தீர்வை எப்போதோ கட்டி முடிந்து, கடை விலையில் சேர்ந்துவிட்டது. ரசீதுகளைக் காட்டியதும் அந்தக் கட்டணத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். ரசீது வைத்திராதவர்கள் எத்தனை பேர் கட்டியிருப்பார்கள்?

பிறகு கிடங்குக்கு நானே போனேன். அங்கிருந்த அம்மா நல்ல மாதிரி, கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, உங்கள் பெயரில் இங்கே எதுவும் இல்லை என்றார். எல்லாம் கிளப்பின் பெயரில். கிளப் மூன்று மாத வாடகை பாக்கி, அது தீரும்வரை ஒரு போத்தலும் வெளியே போகாது என்றார். அந்த வார்த்தையில்தான் எனக்கு முழு விஷயமும் விளங்கியது. என் பணத்தில் வாங்கிய என் போத்தல், கிளப்பின் கடனுக்கு அடமானம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கிளப் நாளைக்கு மூடினால், இது என்னுடையது என்று, மூடிய நிறுவனத்தின் சொத்தைப் பிரித்துக் கடனை அடைக்கும் கலைப்பாளரிடம் நிரூபிக்க என்னிடம் என்ன இருக்கிறது? பெட்டிகளில் பெயர்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து இரவெல்லாம் படித்தேன். வெளிநாடுகளில் இதைவிடப் பெரிதாக நடந்திருக்கிறது. கலிபோர்னியாவில் வாடிக்கையாளர்களின் ஒயினைப் பாதுகாக்கும் தொழில் நடத்திய மார்க் ஆண்டர்சன் என்பவர், அதைத் திருட்டுத்தனமாக விற்றுவிட்டு, அது வெளியே வராமல் இருக்க 2005 அக்டோபரில் வல்லேஹோ நகரக் கிடங்குக்கே தீ வைத்தார். ஏறக்குறைய 45 லட்சம் போத்தல்கள் நாசம். 2012இல் அவருக்கு 27 ஆண்டு சிறை கிடைத்தது. அதே 2012இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் செல்சீ பகுதியில் ஓர் ஒயின் கிடங்குக்குள் வெள்ளம் புகுந்தது. பெட்டிகள் கலைந்து குழம்பியதில் எது யாருடையது என்று மாதக்கணக்கில் சொல்ல முடியவில்லை, வாடிக்கையாளர்கள் வழக்குப் போட, நிறுவனம் திவாலுக்குப் போனது. இந்த இரண்டிலும் ஒயின் வைத்திருந்தவர்களில் பலர் என்னைவிட விவரம் தெரிந்தவர்கள். அவர்களுக்கே அந்த நிலை.

நான் செய்தது இது. கருவியின் பதிவு, படங்கள், ரசீதுகள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுச் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் மனுச் செய்தேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, வைக்கவும் விடமாட்டார்கள். விசாரணைக்கு முன்னால் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேச ஒரு சந்திப்பு உண்டு. அந்தச் சந்திப்புக்குத் தேதி வந்ததும்தான் கிளப் கிடங்கு பாக்கியைக் கட்டியது. 11 போத்தல் வந்தது. 5 போத்தல் எங்கேயும் இல்லை, அதில் மூன்று நான் வைத்திருந்ததிலேயே விலை கூடியவை. வந்ததையும் இருந்ததையும் சேர்த்து 26இல் 7 கசிந்திருந்தது. 2,400 வெள்ளி மூன்று தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டார்கள், இரண்டு வந்திருக்கிறது.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். சேர்க்கைக் கட்டணத்தோடு 44 மாதக் கட்டணம் சேர்த்தால் 6,680 வெள்ளி. 42 போத்தலுக்கு வகுத்தால் ஒன்றுக்கு 159 வெள்ளி. என் போத்தல்களில் பாதிக்கு மேல் அந்த விலையே கிடையாது.

ஆகவே சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஒரு வருடத்துக்குள் குடித்து முடிக்கிற ஒயின் என்றால் வேண்டவே வேண்டாம். நான் இப்போது 40 போத்தல் கொள்ளும் ஒயின் குளிர்பெட்டி ஒன்றை 1,100 வெள்ளிக்கு வாங்கிக் கூடத்து மூலையில் வைத்திருக்கிறேன், முதலிலேயே செய்திருக்க வேண்டியது அதுதான். பத்து வருடம் வைக்கப் போகிற ஒயின் நூறு போத்தலுக்கு மேல் இருந்தால், சாப்பாடு, விருந்து, பித்தளைத் தகடு எதுவும் இல்லாமல் சேமிப்பை மட்டுமே தொழிலாகச் செய்யும் கிடங்கில் உங்கள் பெயரிலேயே கணக்குத் திறங்கள். கூடிக் குடிக்கிற சந்தோஷத்துக்காக மட்டும் கிளப் வேண்டுமென்றால் சேருங்கள், அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, போத்தலை மட்டும் அங்கே விடாதீர்கள்.

இல்லை, வைத்தே தீருவேன் என்றால் கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தை வாங்கி வீட்டில் வைத்துப் படியுங்கள். என் ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில், எந்த இழப்புக்கும் கிளப்பின் பொறுப்பு மூன்று மாதக் கட்டணத்துக்கு மேல் போகாது என்று இருந்தது, அதாவது 285 வெள்ளி. காப்புறுதி இருக்கிறது என்று வாயால் சொன்னார்கள், பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் அது கிளப்பின் சொந்தச் சரக்குக்கும் மேசை நாற்காலிக்கும் மட்டும். உறுப்பினர் போத்தலை வேறு இடத்துக்கு மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டா, உண்டென்றால் அங்கே யார் பெயரில் பதிவாகும், கட்டணம் பாக்கி விழுந்தால் விற்கலாம் என்று எழுதியிருக்கிறதா, இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். கடந்த மூன்று மாத வெப்பப் பதிவைக் கேளுங்கள், இரவு நேரத்தையும் சேர்த்து. மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏதாவது கிளப்பில் போத்தல் வைத்திருப்பவர்கள், இந்த வாரமே ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் போங்கள், திருமண நாள் வரும்வரை காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு போத்தலாக எடுத்து, லேபிள் ஒன்று, கழுத்தில் ஒயின் நிற்கும் மட்டம் ஒன்று என்று இரண்டு படம் எடுங்கள். தகட்டுறை சுழல்கிறதா என்று விரலால் திருகிப் பாருங்கள், ஒயின் கசிந்து ஒட்டியிருந்தால் சுழலாது. எண்ணிக்கையை எழுதி மேலாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். குறைகிறது என்றால் இரண்டு வருடக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிடாமல் உடனே மனுவை எழுதத் தொடங்குங்கள். படிவத்தில் எதை எங்கே நிரப்புவது என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், என்னுடையதை அனுப்புகிறேன்.