பாக் நீரிணையில் இழுவை மடியும் செவுள் வலையும்

பாக் நீரிணை ஆழமற்ற கடல். பெரும்பகுதி பதினைந்து மீட்டரைத் தாண்டாது. வெயில் தரை வரை இறங்குவதால் கடற்புல் செழிக்கிறது. இறாலும் குஞ்சு மீன்களும் அதில்தான் வளர்கின்றன, ஆவுளியா என்னும் கடற்பசு அந்தப் புல்லைத்தான் மேய்கிறது.

படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலையான இழுவை மடி இந்தத் தரையையே வாரிக்கொண்டு போகிறது. வாயை விரித்துப் பிடிக்கும் கனமான பலகைகள் சேற்றைக் கிளறுகின்றன. கலங்கிய நீரில் புல்லுக்கு ஒளி கிடைப்பதில்லை. இறாலுக்காக இழுத்த மடியில் நண்டுக் குஞ்சு, சிப்பி, வளராத மீன் என எல்லாம் ஏறுகின்றன. விலைபோகாதவை காய்ந்து கோழித் தீவன ஆலைக்குப் போகின்றன. நாளைய பிடியை இன்றே கிலோக் கணக்கில் விற்பதற்கு வேறென்ன பெயர்?

செவுள் வலை நீரில் நின்று காத்திருக்கும். வலைக் கண்ணின் அளவுக்கு ஏற்ற மீன் மாட்டும், சிறியது நழுவிவிடும். தரைக்குச் சேதம் குறைவு, டீசலும் குறைவு. ஆனால் அதைப் புனிதமாக்க வேண்டாம்: ஆமையும் ஆவுளியாவும் அதில் சிக்கி மூச்சுமுட்டிச் சாகின்றன, அறுந்துபோன நைலான் வலை ஆளில்லாமலே மீன் கொல்லும்.

இருந்தும் என் தேர்வு செவுள் வலைதான். வலையின் கண்ணையும் போடும் இடத்தையும் மாற்றி அதன் தீங்கைக் குறைக்கலாம். இழுவை மடிக்கோ தரையைத் தொடுவதே தொழில். இலங்கை 2017இல் அதைச் சட்டத்தால் தடைசெய்தது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மட்டும் அதற்கு ஓய்வு; புல்வெளி மீள அது போதாது.