லைபோசோமல் டாக்ஸோரூபிசின்: கபோசி சார்கோமாவுக்கு எவ்வளவு கைகொடுக்கிறது?

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் கபோசி சார்கோமா என்ற ரத்தக்குழாய்ப் புற்றில் முதல் மருந்து, எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரைதான். தோலில் நாலைந்து ஊதாப் புள்ளிகள் மட்டும் என்றால், பல நேரம் அதிலேயே சில மாதங்களில் வற்றிவிடும். நுரையீரல், குடல் வரை நோய் போய்விட்டாலோ, கால் வீங்கி நடக்க முடியாமல் போனாலோதான் லைபோசோமல் டாக்ஸோரூபிசின் என்ற இந்தப் புற்றுநோய் ஊசி வேண்டும். 1995 முதல் இந்த நோய்க்குப் புழக்கத்தில் உள்ள மருந்து. அந்த இடத்தில் இதையே முதலில் பரிந்துரைப்போம்.

அளவு: உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 20 மி.கி., இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒரு முறை. கொழுப்புக் குமிழுக்குள் அடைபட்டிருப்பதால் மருந்து ரத்தத்தில் நெடுநேரம் சுற்றி, கசியும் ரத்தக்குழாய்கள் நிறைந்த கட்டியில் போய்த் தங்குகிறது. முடி கொட்டுவது குறைவு. சாதாரண டாக்ஸோரூபிசினை இதற்குப் பதிலாக ஏற்றவே கூடாது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் தவறு நடக்கும். ஒவ்வொரு முறையும் லேபிளைப் படித்தே ஆக வேண்டும்.

90 மி.கி. வரை 250 மி.லி. டெக்ஸ்ட்ரோஸில் (குளுக்கோஸ் நீர்) கலக்கலாம், 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் மட்டுமே, சலைன் (உப்பு நீர்) கூடாது. டிரிப் குழாயில் ஃபில்டரும் கூடாது. கலவை மங்கலான சிவப்பாகத்தான் இருக்கும், கெட்டுப்போனதோ என்று பயப்பட வேண்டாம். நிமிடத்துக்கு 1 மி.கி. என்று தொடங்க வேண்டும். அவசரப்பட்டால் முகம் சிவந்து, முதுகு வலித்து, நெஞ்சு இறுகும். பெரும்பாலும் முதல் டிரிப்பில்தான். உடனே நிறுத்தி, லேசானதாக இருந்து அடங்கினால், மெதுவாகத் தொடரலாம்.

பெரிய குறை கையிலும் காலிலும் தெரியும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பின் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியும், தோல் உரியும். மருந்து ஏறிய சில நாட்களுக்கு வெந்நீர், இறுக்கமான செருப்பு இரண்டும் வேண்டாம். கொப்புளம் வந்தால் அடுத்த சுற்றைத் தள்ளிப்போட வேண்டும். ரத்தப் பரிசோதனையில் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,000-க்குக் கீழே போனாலும் அப்படித்தான். மொத்த அளவு கூடக்கூட இதயம் தளரும் என்பதால் எக்கோ என்ற இதய ஸ்கேனைத் தவிர்க்காதீர்கள்.

ஏ.ஆர்.டி. தொடங்கிய முதல் மாதங்களில் புள்ளிகள் திடீரெனப் பெருத்தால், எதிர்ப்பு சக்தி மீள்வதன் விளைவாக அது இருக்கலாம். அதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு வேண்டவே வேண்டாம். இந்தப் புற்று அதில் கொழுக்கும்.

இந்த ஊசி ஒத்துவராதவர்களுக்கு பாக்லிடாக்செல் என்ற வேறொரு புற்றுநோய் மருந்து நல்ல மாற்று. ஆனால் ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் சேர்ந்த எச்.ஐ.வி. மாத்திரை எடுப்பவர்களுக்கு பாக்லிடாக்செல்லின் அளவு ரத்தத்தில் ஏறக்கூடும், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு நோய் அடங்கும். ஆனால் இதற்குக் காரணமான ஹெர்பெஸ் 8 வைரஸ் உடலை விட்டுப் போகாது, ஏ.ஆர்.டி. விட்டுப்போனால் நோய் திரும்பக்கூடும். புள்ளி தட்டையாகி, காப்பிக் கறை போல நிறம் மட்டும் எஞ்சினால் அது தோல்வி அல்ல, கசிந்த ரத்தத்தின் இரும்புக் கறை. விரலால் தடவிப் பாருங்கள். புதிதாக மேடு தட்டுப்பட்டாலோ, மலம் கறுத்தாலோ, படி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.