அலெக்சாண்ட்ரியாவில் ஒரே நாள்: கடலோரமா, நிலத்தடியா?

கெய்ரோவிலிருந்து ஒரு நாளில் அலெக்சாண்ட்ரியா போய்வர நினைப்பவர்கள் ரயிலா காரா என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். ராம்செஸ் நிலையத்தில் காலை ஏசி ரயிலைப் பிடித்தால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் ஊர் வந்துவிடும். அது போதும். இறங்கியபின் எந்தப் பக்கம் போவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கடலோரம் போனால் கைத்பே கோட்டையும் புதிய நூலகமும். ஃபாரோஸ் கலங்கரை விளக்கம் நின்ற இடத்தில் 15ஆம் நூற்றாண்டில் எழுந்தது கோட்டை. மேலே ஏறினால் துறைமுகத்தின் வளைவு முழுதும் தெரியும், காற்று அள்ளும். ஆனால் கலங்கரை விளக்கம் நிலநடுக்கங்களில் விழுந்து, கற்கள் பல கடலுக்கடியில் கிடக்கின்றன. 2002இல் திறந்த நூலகத்தின் வெளிச்சுவரில், அஸ்வான் கிரானைட்டில் உலகின் பல எழுத்துகளைச் செதுக்கியிருப்பது அழகு. பண்டைய உலகில் புகழ்பெற்ற பழைய நூலகத்தின் சுவடுதான் எங்கும் இல்லை.

என் ஓட்டு கோம் அல் ஷுகாஃபாவுக்கு. கழுதை ஒன்று குழிக்குள் விழுந்ததால் 1900இல் வெளிப்பட்டதாகச் சொல்லப்படும் நிலத்தடிக் கல்லறை. நடுவில் கிணறு போன்ற குழி. அதில் கயிறு கட்டி உடல்களை இறக்கினார்கள். அதைச் சுற்றிய படிகளில் நாம் இறங்குகிறோம். உறவினர்கள் கூடி உண்ண, பாறையிலேயே வெட்டிய திண்ணைகளோடு ஓர் அறை. முதன்மைக் கல்லறையின் வாசலில் நின்று நிதானமாகப் பாருங்கள்: எகிப்தின் இரட்டை மகுடம் சூடிய பாம்பு, அதற்கு மேலே பாம்புக் கூந்தல் கொண்ட கிரேக்க மெடூசாவின் தலை. உள்ளே திரும்பினால் இறந்தோரைக் காக்கும் எகிப்தியக் கடவுளான நாய்முக அனுபிஸ் ரோமானியப் படைவீரனின் கவசத்தில் நிற்கிறார்!

இது கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் காலத்தது. முசிறிச் சரக்கு செங்கடல் தாண்டி நைல் வழியே இந்த ஊருக்கு வந்ததைச் சொல்லும் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஒப்பந்தமும் அதே நூற்றாண்டுதான். நம் கரையோடு வணிகம் செய்த அலெக்சாண்ட்ரியாவை நேரில் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

அலெக்சாண்ட்ரியாவின் முதன்மை ரயில் நிலையமான மிஸ்ர் நிலையத்தில் இறங்கினால் கோம் அல் திக்காவின் ரோமானிய அரங்கம் நடக்கும் தூரம்தான். முதலில் அது, அப்புறம் டாக்சியில் கல்லறை. முழங்கால் வலி உள்ளவர்களும் சின்னக் குழந்தைகளோடு வருபவர்களும் மட்டும் இந்தப் படிகளை விட்டுவிட்டுக் கடலோரம் போவது நல்லது.