தடுப்பூசி: வாங்கித் தருவதா, செய்ய விடுவதா?

கொரோனா காலத்தில் ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி போய்ச் சேர இரண்டு வழிகள் பேசப்பட்டன. ஒன்று கோவேக்ஸ்: பல நாடுகள் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பங்கிடுவது. இன்னொன்று, காப்புரிமையைத் தளர்த்தி அங்கங்கே தயாரிக்க விடுவது.

கோவேக்ஸில் தொழிற்சாலை கட்டக் காத்திருக்க வேண்டாம். 2021 பிப்ரவரியிலேயே கானாவுக்கு 6 லட்சம் டோஸ் போய் இறங்கியது. ஆனால் பணக்கார நாடுகள் நிறுவனங்களோடு தனி ஒப்பந்தம் போட்டு வரிசையில் முந்திக்கொண்டன. அப்புறம் இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்தது, ஏற்றுமதி நின்றது. தடுப்பூசி தயாரிக்கும் புனே சீரம் நிறுவனத்தையே பெரிதும் நம்பியிருந்த கோவேக்ஸ் தடுமாறிப்போனது. 2021 முடிவதற்குள் 200 கோடி டோஸ் என்பது இலக்கு. நூறு கோடியைத் தொட்டதே 2022 ஜனவரியில்தான். அந்த மாதங்களில் ஊசிக்குக் காத்திருந்தே எத்தனை செவிலியர்கள் இறந்திருப்பார்கள்!

காப்புரிமை விலக்கை இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் கேட்டன. உலக வர்த்தக அமைப்பு 2022 ஜூனில்தான், அதுவும் வெகுவாகக் குறுக்கி, சம்மதித்தது.

அவசரத்துக்கு முதல் வழி வேண்டும், சரி. ஆனாலும் என் மனம் இரண்டாவது பக்கம்தான். கேப்டவுனின் ஆஃப்ரிஜென் நிறுவனம், அமெரிக்க நிறுவனமான மாடர்னாவின் உதவி இல்லாமலேயே, பொதுவெளியில் கிடைத்த தகவலை வைத்து மாடர்னாவின் கொரோனா தடுப்பூசியை ஆய்வக அளவில் செய்து காட்டியது.