பழைய ஆக்சஸ் டெம்ப்ளேட் ஃபார்ம்கள்: பல வருடப் புழக்கத்தில் தெரிந்தது

எங்கள் உதிரிபாகக் கடையின் சரக்குக் கணக்கு, மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸ் 2003-இல் 'இன்வென்டரி கன்ட்ரோல்' டெம்ப்ளேட்டை (தயார் மாதிரியை) வைத்து, அதன் விஸார்டு (படிப்படியாக வழிகாட்டும் வசதி) போட்டுக்கொடுத்த எம்டிபி ஃபைல், அதாவது பழைய ஆக்சஸ் வகை ஃபைல். இப்போது அதை ஆக்சஸ் 2010-இல் திறக்கிறோம். இன்றும் நன்றாகவே உழைக்கிறது.

ஃபைலைத் திறந்ததும் வருவது மெயின் ஸ்விட்ச்போர்டு, அதாவது மற்ற ஃபார்ம்களுக்கு (திரைப் படிவங்களுக்கு) போகும் பட்டன்கள் உள்ள முகப்பு ஃபார்ம். அதை டிசைன் வியூவில் (ஃபார்மின் அமைப்பை மாற்றும் பார்வையில்) பார்த்தால் பட்டன்களுக்குப் பக்கத்தில் ஒரு எழுத்துகூட இருக்காது. பெயர்களெல்லாம் 'ஸ்விட்ச்போர்டு ஐட்டம்ஸ்' என்ற டேபிளில் இருக்கின்றன. ஃபார்ம் திறக்கும்போது விபிஏ கோடு (ஆக்சஸுக்குள் எழுதும் நிரல்) அங்கிருந்து எடுத்து நிரப்புகிறது. பட்டன் பெயரைத் தமிழில் மாற்ற வேண்டுமா, அந்த டேபிளின் 'ஐட்டம்டெக்ஸ்ட்' பத்தியில் மாற்றினால் போதும்.

இது தெரிந்தால்தான் 2010-க்கு மாறியதும் வரும் முதல் குழப்பம் புரியும். ஃபார்ம் திறக்கும், ஆனால் பெயரில்லாத பட்டன்கள் மட்டும் வரிசையாக நிற்கும், அழுத்தினாலும் வேலை நடக்காது. ஃபைல் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பாதுகாப்புக்காக ஆக்சஸ் தடுத்ததால் கோடு ஓடவில்லை, அவ்வளவுதான். மேலே வரும் மஞ்சள் பட்டையில் அனுமதி கொடுக்கலாம். அதைவிட, டிரஸ்ட் சென்டரில் (ஆக்சஸின் பாதுகாப்பு அமைப்புகள் உள்ள இடம்) ஃபைல் இருக்கும் ஃபோல்டரை நம்பகமான இடமாகச் சேர்ப்பதே நல்லது. ஸ்விட்ச்போர்டே வராமல் உள்ளே போக வேண்டுமானால் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு திறக்கலாம்.

அப்புறம் காலண்டர். பழைய ஃபார்மில் யாராவது காலண்டர் கன்ட்ரோல் (தேதி தேர்ந்தெடுக்கும் காலண்டர் பெட்டி) செருகியிருந்தால் 2010-இல் அது வேலை செய்யாது, மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. எங்கள் கொள்முதல் ஃபார்மில் இது இருந்தது. எரிச்சல் என்னவென்றால், இப்படி ஒரு ரெஃபரன்ஸ் (கோடு சார்ந்திருக்கும் வெளி ஃபைலுக்கான இணைப்பு) காணாமல் போனால் சம்பந்தமே இல்லாத 'டேட்', 'லெஃப்ட்' ஃபங்ஷன்கள்கூட எரர் காட்டும். விபிஏ விண்டோவில் டூல்ஸ், ரெஃபரன்சஸ் போய், 'மிஸ்ஸிங்' என்று இருப்பதன் டிக்கை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். காலண்டருக்குப் பதில் சாதாரண தேதிப் பெட்டி வைத்தோம். 2007 முதல் அதன் பக்கத்திலேயே தேதி தேர்வுக் குறி வந்துவிடுகிறது.

ஆக்சஸ் 97 ஃபைல் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: 2013-லிருந்து அது திறக்கவே திறக்காது. 2003, 2007, 2010 இவற்றில் ஒன்று கைவசம் இருக்கும்போதே புதிய ஃபார்மட்டுக்கு மாற்றி, பழையதை ஒரு நகலாக வைத்துக்கொள்ளுங்கள்.