டயாலிசிஸோடு வெளியூர்: மிஷினா, கையால் மாற்றும் பையா?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்திலிருந்து தைப்பூசத்துக்குப் பத்துமலை போய், உறவினர் வீட்டில் மூன்று நாள் தங்குவதாக வைத்துக்கொள்வோம். வயிற்று டயாலிசிஸ் (வயிற்றுக்குள் டயாலிசிஸ் நீரை நிரப்பி, கழிவோடு வடித்தெடுக்கும் முறை) செய்பவருக்கு இரண்டு வழி உண்டு. இரவில் தூங்கும்போது தானாகவே நீரை நிரப்பி வடிக்கும் ஏபிடி மிஷினைத் தூக்கிக்கொண்டு போகலாம். அல்லது அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, சிஏபிடி எனப்படும் முறையில் நீர்ப் பைகளைக் கையால் மாற்றிக்கொள்ளலாம். குறுகிய பயணத்துக்கு எங்கள் ஓட்டு பைக்குத்தான். ஆனால் அதற்கான அளவையும் நேரத்தையும் டாக்டர் எழுதித் தரவேண்டும், தாதி ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லவேண்டும். நாமாக மாற்றக் கூடாது.

பாக்ஸ்டர் ஹோம்சாய்ஸ் வகை மிஷின் 12, 13 கிலோ இருக்கும். உண்மையில் கனப்பது பைகளில் வரும் டயாலிசிஸ் நீர். இரவுக்கு 5 லிட்டர் பை இரண்டோ மூன்றோ என்றால், மூன்று இரவுக்கு 30 முதல் 45 கிலோ. மிஷினில் பொருத்தும் குழாய்த் தொகுப்பான கசெட் இரவுக்கு ஒன்று புதிதாகவும், வடிந்த நீரைப் பிடிக்கும் வடிபைகளும் தனி. சிஏபிடியில் 2 லிட்டர் பை நாளுக்கு நான்கு. மூன்று நாளுக்கு 12, கைவசம் இன்னும் இரண்டு. எல்லாம் சேர்ந்து 30 கிலோவைத் தாண்டும், ஆனால் ஒரு மைவி காரின் பின்பக்கத்தில் அடங்கிவிடும்.

மிஷின் தகராறு செய்வது பெரும்பாலும் படுக்கையில்தான். உறவினர் வீட்டில் பாய் விரித்துத் தரையில் படுப்பவர், மிஷினை மேசைமேல் வைத்தால் வடிதல் சரியாக நடக்காது, அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். படுக்கும் உயரத்துக்கே அதையும் இறக்கி வையுங்கள். அப்புறமும் அடித்தால் கிளாம்ப் திறந்திருக்கிறதா, குழாய் உடம்புக்கடியில் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, புரண்டு படுத்து, எழுந்து உட்கார்ந்து பாருங்கள். மலச்சிக்கலும் ஒரு காரணம். பயணத்தில் அது சகஜம். மூன்று முள் பிளக்கை நேராகச் சுவரில் குத்துங்கள். ரைஸ் குக்கர் ஓடும் எக்ஸ்டென்ஷனில் சேர்த்தால் நள்ளிரவில் டிரிப் ஆகும். மின்சாரம் போனாலும் கைகொடுக்க கையால் மாற்றும் பைகள் இரண்டு அவசியம் என்பதால், மிஷின்காரரும் பையைத் தவிர்க்க முடியாது!

கையால் மாற்ற 30 முதல் 40 நிமிடம். கதவைச் சாத்தி, மின்விசிறியையும் ஏர்கோனையும் நிறுத்தி, முகக்கவசம் போட்டு, கை கழுவுங்கள். புதுப் பையை நிலைக்கதவின் ஆணியிலோ ஜன்னல் கம்பியிலோ தோளுக்கு மேலே தொங்கவிட்டு, வடிபையைத் தரையில் ஒரு சுத்தமான பேசினில் வையுங்கள். வடித்து, புதுப் பையின் நீரால் குழாயை ஐந்து எண்ணும் வரை அலசி, நிரப்பி, புது மூடி போட்டால் முடிந்தது. பையைச் சூடேற்ற வெந்நீர் வாளி வேண்டாம். ஈரம் இணைப்பில் ஏறிக் கிருமி சேர்க்கும். சூடேற்றும் பட்டையே போதும். ஒருமுறை நிரப்பினால் நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்கும் என்பதால், நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டினாலும் பதற வேண்டாம். கழிப்பறையில் மாற்ற மட்டும் முயலாதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் பைகளை விட்டுப் போகவும் கூடாது.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. பாக்ஸ்டர் நிறுவனப் பையின் இணைப்பும் ஃபிரெசினியஸ் நிறுவனத்தின் வட்டு வடிவ ஸ்டே சேஃப் இணைப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ‘அங்கே அத்தையும் டயாலிசிஸ்தான், பை வாங்கிக்கலாம்’ என்று வெறுங்கையோடு போனால் மாட்டிக்கொள்வோம்.

பத்து நாளுக்கு மேல் தங்குவதானால் கணக்கு மாறும். பைகளைப் போகுமிடத்துக்கே அனுப்ப விநியோகிப்பாளர் ஒப்புக்கொண்டால், பகலில் கை ஓய்வாக இருக்கும் மிஷினே சுகம்.

வயிற்றுக்குப் பதில் இரத்தத்தையே மிஷினில் சுத்திகரிக்கும் இரத்த டயாலிசிஸ்காரர்கள் கேட்கும் நெக்ஸ்டேஜ் மிஷின் சுமார் 34 கிலோ. 2005ல் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அனுமதி பெற்றது. வழக்கமான மிஷின் நான்கு மணி நேரத்தில் சுமார் 120 லிட்டர் டயாலிசிஸ் நீரைச் செலவழிக்க, இது 20, 30 லிட்டரில் முடிக்கும். அதுவும் 5 லிட்டர் பைகளாக. கேரவனில் ஊர் சுற்றுபவருக்குச் சரி. நம்மவருக்குப் போகுமிட டயாலிசிஸ் மையத்தில் இடம் பிடிப்பதுதான் தோது. ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி முடிவுகள், உலர் எடை (மிகுநீர் நீங்கிய உடல் எடை), இரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஹெப்பாரின் அளவு கேட்பார்கள். செலவை ஏற்கும் பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) கடிதம் அங்கே செல்லுமா என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள். பெருநாள் சமயத்தில் இடம் சீக்கிரமே நிரம்பிவிடும்.

எந்த வழியானாலும், வடிந்த தண்ணீர் கலங்கலாக வந்தால் பையைக் கொட்டாமல் அதோடு அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள், வயிறு வலிக்கவில்லை என்றாலும்.