அளக்காமலே அறுத்தார்கள்: ஈறு ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஈறில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று உங்களிடம் ஒரு கிளினிக்கில் சொல்கிறார்களா? அதற்கு முன்னால், கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு, டாக்டர் "மூணு, நாலு, ஆறு" என்று சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டாரா? இல்லையென்றால் முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள். என் அம்மாவுக்கு யாரும் அப்படி அளக்கவில்லை. 68,000 ரூபாய்க்கு "பேக்கேஜ்" போட்டார்கள். அதில் பாதியை வாங்கிக்கொண்டு, வாயின் கால் பகுதியைக் கிழித்து வைத்தார்கள்.

அம்மாவுக்கு 61 வயது. சுகர், பிபி இரண்டும் உண்டு. பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது, மேல் முன்பற்களுக்கு மேலே ஈறு தடித்து வந்தது. சென்னையில் பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு பல் கிளினிக்கில் இலவசப் பரிசோதனை என்று போர்டு பார்த்துப் போனோம். முழு வாய்க்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் வாயைப் பார்த்தது ஒரு நிமிடம் இருக்கும். மிச்சப் பேச்செல்லாம் 'ட்ரீட்மென்ட் கோஆர்டினேட்டர்' என்று அட்டை மாட்டியிருந்த பெண்ணிடம்தான். "எலும்பு கரைஞ்சிருக்கு ஆன்ட்டி, இப்ப செய்யலன்னா ஆறு மாசத்துல எல்லாப் பல்லும் ஆடிடும். லேசர்தான், வலிக்காது, தையல் கிடையாது. இன்னைக்கே கட்டினா பத்து பர்சன்ட் குறைச்சுத் தர்றோம்." கூடவே இ.எம்.ஐ. படிவம். பல் விழுந்துவிடும் என்று சொன்னால் அந்த வயதில் யாருக்குத்தான் பயம் வராது?

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. சுகர் அளவு கேட்கவில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். எந்தப் பல், என்ன சிகிச்சை என்ற இடம் காலியாக இருந்தது. அன்றைக்கு மாஸ்க்கோடு வந்து ஆபரேஷன் செய்தவரை அதற்கு முன் நாங்கள் பார்த்ததே இல்லை. வலது கீழ்ப் பக்கம் முடிந்து வெளியே வந்தபோது வாய்க்குள் தையல் இருந்தது. தையல் இல்லை என்றீர்களே என்றால், "சில கேஸ்ல போடுவோம் சார்" என்று பதில்.

இரவில் கன்னம் வீங்கிவிட்டது. போன் செய்தால், "டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார், பெயின்கில்லர் போடுங்க". என்ன சாப்பிடலாம், எப்படிக் கொப்பளிக்கலாம், தையலை எப்போது பிரிப்பார்கள் என்று ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. புண் ஆறாமல் பிளந்துகொண்டபோது அம்மா வழக்கமாகப் பார்க்கும் சுகர் டாக்டரிடம் ஓடினோம். மூன்று மாத சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி என்ற ரத்தப் பரிசோதனையில் 9.4. "இந்த அளவுல அவசரமில்லாத ஆபரேஷனை யாரும்மா செஞ்சது?" என்று கேட்டார். பொதுவாக 8-ஐத் தாண்டினாலே பல டாக்டர்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள்.

அடுத்துப் போனது கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு. காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், பொறுமை வேண்டும். அது வேறு விஷயம். ஈறு நோய்ப் பிரிவில் படிக்கும் ஒரு இளம் டாக்டர், பல்லுக்கு ஆறு இடமாக வாய் முழுக்க அளந்தார். நோயில்லாத ஈறில் அந்தக் கம்பி 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இறங்கும். 4, 5 என்று போனால் அங்கே பை விழுந்திருக்கிறது, அதாவது ஈறு பல்லை விட்டு விலகிக் குழியாகியிருக்கிறது; உள்ளே காரை, அதாவது கல் போல இறுகிய அழுக்கு, சேர்ந்திருக்கிறது. அம்மாவுக்குப் பெரும்பாலும் 4. கடைவாய்ப் பல் இரண்டில் மட்டும் 6, 7. முன்பற்களில் ஈறு தடித்திருந்ததே தவிர எலும்பு நன்றாக இருந்தது. அப்புறம் மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். பிபிக்கு அம்லோடிபின். அந்த மாத்திரை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயினும் அப்படித்தான். மாத்திரை அதேதான் என்றால் வெட்டி எடுத்தாலும் திரும்ப வளரும். பிபி டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றினார் (தானாக நிறுத்தக் கூடாது). ஈறுக்குக் கீழே வேர் வரை சுத்தம் செய்தார்கள். சில வாரம் கழித்து மறுபடி அளந்தபோது 4 இருந்த இடமெல்லாம் 3-க்கு வந்திருந்தது. முன்பக்கத் தடிப்பும் வடிந்துகொண்டிருந்தது.

ஈறு ஆபரேஷனே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஆழமான பைக்குள் கருவியை விட்டுக் கண் தெரியாமல் சுரண்டினால் காரை முழுசாக வராது. அதனால்தான் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைப் புத்தக அட்டை போலத் திறந்து, வேரைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் எலும்புத் தூள் வைத்துத் தைக்கிறார்கள். ஃப்ளாப் சர்ஜரி என்பது இதுதான். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் ஆழமான க்ளீனிங். அது ஆற நான்கு முதல் ஆறு வாரமாவது விட வேண்டும். பிறகு மறுபடி அளந்து, அப்போதும் 5 மில்லிமீட்டருக்கு மேல் பை இருந்து ரத்தம் கசிந்தால் அந்த இடத்தில் மட்டும் ஆபரேஷன். முதல் நாளே வாய் முழுக்க ஆபரேஷன் என்று விலை பேசுகிறவர்கள் இந்தப் படிகளை முழுங்கிவிடுகிறார்கள். லேசரைப் பற்றியும் ஒரு வார்த்தை: வழக்கமான முறையைவிட அது மேலானது என்று தெளிவாக நிரூபிக்கப்படவில்லை. விலைதான் கூடுதல்.

இன்னொன்று. ஆபரேஷனுக்குப் பிறகு வீக்கம் வற்றியதும் ஈறு கீழிறங்கும், பல் நீளமாகத் தெரியும், இடைவெளி விழும், பச்சைத் தண்ணீர் பட்டாலே கூசும். இது நன்றாகச் செய்தாலும் ஓரளவு வரும். முன்கூட்டியே சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. அம்மா கண்ணாடி பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

உண்மையிலேயே ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. எல்லா மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை யார் பேச்சையும் கேட்டு நீங்களே நிறுத்தாதீர்கள், இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். செயற்கை இதய வால்வு இருந்தாலோ, எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாலோ கட்டாயம் சொல்லுங்கள். புகைபிடித்தால் புண் ஆறுவது தாமதமாகும், முன்னும் பின்னும் நிறுத்துங்கள். மரத்துப்போகும் ஊசிதான் என்பதால் வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. சுகர்க்காரர்கள் சாப்பிட்டுவிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். டாக்டர் வேறு மாதிரி சொன்னால் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். செய்யப்போகிறவர் யார், ஈறு சிகிச்சையில் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு படித்தவரா, தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். கேட்பதற்குச் சங்கடப்பட ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் கன்னத்தின் வெளியே ஐஸ் ஒத்தடம். ஆறவைத்த ரசம் சாதம், தயிர் சாதம், இட்லி, எல்லாம் மறுபக்கமாக. தைத்த இடத்தில் பிரஷ் படக் கூடாது. அதற்குப் பதில் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் மருந்தால் கொப்பளிக்கச் சொல்வார்கள். பல்லில் பழுப்புக் கறை படியும், பிறகு எடுத்துவிடலாம். தையல் பிரிப்பது பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில். ரத்தம் நிற்காவிட்டாலோ, மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கம் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில் போனை எடுக்கப்போவது டாக்டரா, ரிசப்ஷனா என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள்.

எங்கள் பில்லில் "லேசர் ஈறு பேக்கேஜ்" என்று ஒரே வரி. பல் எண் இல்லை, டாக்டர் பெயர் இல்லை. எக்ஸ்ரேயைக் கேட்டால் "சிஸ்டத்துல இல்ல" என்றார்கள். பதிவுத் தபாலில் எழுதிக் கேட்டதும் எப்படியோ சிஸ்டத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. பணம் கொடுத்துப் பெறும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை, கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. நாங்கள் கொடுத்திருக்கிறோம். அரசு மருத்துவமனை அளந்து எழுதிய தாளைத்தான் முதல் ஆவணமாக வைத்திருக்கிறோம். கட்டியதில் பாதியைத் திருப்பித் தருகிறோம், எந்தக் குறையும் இல்லை என்று கையெழுத்துப் போடுங்கள் என்று கிளினிக்கிலிருந்து ஆள் வந்தார். அம்மா போடவில்லை. புகார் நிலுவையில் இருப்பதால் கிளினிக்கின் பெயரை இப்போதைக்கு எழுதவில்லை.